உன் பெற்றோரிடம் கேள்

சார்,

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. இதற்காக நீங்கள் என்னை எவ்வளவோ கேலி செய்திருக்கிறீர்கள். பழக்கம் விடவில்லை. இந்த மடலில் சொல்ல நினைப்பவை:

1. உங்கள் கம்ப்யூட்டரின் பூட்டு திறந்துவிட்டது.
2. அந்தப் பூட்டு வேறு யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைக்காகப் போடப்பட்டது.
3. அது உங்கள் மகள் சுமதியின் கடிதங்கள் இரண்டை நம் கண்ணில் படாமல் மறைத்தது.
4. அவற்றில் என்ன இருந்தது என்று தெரியாமலேயே நீங்கள் போய்விட்டீர்கள்.
5. இதைச் சுமதியிடம் சொல்லியாக வேண்டும். சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

நேற்றுக் காலை பெட்டியை மின்சாரத்தில் பொருத்தியதும் முதலில் வந்தது வாசனை. சித்திரையில் உங்கள் காரியம் முடிந்ததிலிருந்து துணி போட்டு மூடியே வைத்திருந்தேன். உள்ளே தூசி சூடாகிற வாசனையோடு, கீ-போர்டின் இடுக்குகளிலிருந்து உங்கள் மூக்குப்பொடியும் எழுந்து வந்தது. ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

உங்கள் தம்பி மகன் வீட்டைக் காலி செய்தபோது, "இத எடுத்துக்கினு போயி நான் இன்னா சார் பண்ணப் போறேன், நீங்களே வச்சுக்கோங்க" என்று எனக்குக் கொடுத்துவிட்டான். நேற்று அது பாதியில் நின்றுவிடவே, பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து ரிப்பேர் செய்கிறவரை வரவழைத்தேன். கொஞ்ச நேரம் நோண்டிவிட்டு, "சார், பசங்களுக்குப் போடற லாக் ஒண்ணு இதுல அப்படியே இருக்குது. பழைய ஓனரு எடுக்காமயே வித்துட்டாரு. தூக்கிடட்டுமா?" என்றார்.

"எடுத்தா உள்ள இருக்கிற லெட்டரெல்லாம் போயிடாதா?"

அவர் சிரித்துவிட்டார். "லெட்டரு இதுக்குள்ள எங்க சார் இருக்குது? அது எங்கயோ அமெரிக்காவுல இருக்குது. இது சும்மா பாக்குற பொட்டி."

நான் கொடுத்த டீ ஆறுவதற்குள் பூட்டு போய்விட்டது. நாம் இரண்டு படித்த மனிதர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தோம்.

அதை ஏன் வாங்கினோம் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் காது முக்கால்வாசி போய்விட்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து சுமதி போன் செய்தால், அவள் அங்கே கத்துவாள், நீங்கள் இங்கே "ஆங்? இன்னாம்மா?" என்று கத்துவீர்கள். வேங்கிக்கால் தெருவே உங்கள் குடும்பச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கும். மகளுக்கும் அப்பாவுக்கும் நடுவே எழுத்து மட்டும்தான் மிச்சம் என்று ஆனபோது, சென்னை வீடுகளில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களை விற்கும் கடையில் கம்மி விலைக்கு இதை வாங்கினீர்கள். டைப் அடிக்கத் தெரிந்தவன் என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டீர்கள்.

முதல் நாள் திரை ஒளிர்ந்ததும் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. வணக்கம், அருண்.

"யார்யா அது அருண்?" என்றீர்கள்.

"இதுக்கு முன்னால இத வச்சிருந்த வீட்டுப் பையனா இருக்கும் சார்."

"சரி, போவட்டும். இனிமே நான்தான் அருண். கெழட்டு அருண்."

ஏழரை மணிக்கு அது தானாக எச்சரித்தது. அருண், இன்றைய நேரம் முடிந்தது. நாம் தட்டிக்கொண்டிருந்த வரி பாதியில் இருக்க, திரை கறுத்தது. நீங்கள் தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள். "எந்த ஊரு அப்பனோ, இருக்கானோ செத்தானோ, என் வூட்டுல உக்காந்துக்குனு என்னையே அதட்டறான் பாருய்யா." எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, நாம் எதைப் பார்க்கலாம் எதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டிருப்பது போல இருந்தது. அவருடைய பிள்ளை வளர்ந்து எங்கோ போயிருப்பான். அவர் வைத்த கண் மட்டும் மூடாமல் இங்கே இருந்தது. இதை உங்களிடம் சொன்னேன். "நீ பேயப் பாக்கணும்னு தேடிக்கினு இருக்கிற ஆளு" என்றீர்கள்.

கடைக்காரரிடம் போனோம். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஃபார்மட் பண்ணாப் போயிடும் சார். எல்லாமே போயிடும்" என்றார். அந்த 'எல்லாமே' என்பதில் சுமதியின் கடிதங்களும் அடக்கம் என்று நாம் எடுத்துக்கொண்டோம். அவள் எழுதியது ஒரு வரி போனாலும் உங்களுக்கு ஆகாது. "இருந்துட்டுப் போவட்டும்யா. ஏழரைக்கு மேல எனக்கு இன்னா வேலை?" என்று பெட்டியோடு ஆட்டோவில் ஏறிவிட்டீர்கள்.

இனி மூன்றாவது.

கார்த்திகை தீபம் முடிந்து மலை உச்சியில் இன்னும் சுடர் எரிந்துகொண்டிருந்த நாட்கள். அன்று சுமதியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. தலைப்பில் 'அப்பாவுக்கு' என்று மட்டும் இருந்தது. திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. இந்தப் பக்கத்தில் வயதுக்கு வந்தோருக்கான விஷயம் இருப்பதால் தடுக்கப்பட்டுள்ளது. உன் பெற்றோரிடம் கேள், என்று எழுதியிருந்தது.

நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தீர்கள். "எங்கப்பாவ எங்கய்யா போயிக் கேக்குறது? அவரு போயி நாப்பது வருசமாவுது" என்றீர்கள். சொல்லி முடிப்பதற்குள் உங்கள் முகம் மாறிவிட்டது. என் மகள் பேரில் இந்த மாதிரி ஒரு பக்கமா என்று நீங்கள் நினைத்தது எனக்குத் தெரிந்தது.

தெரிந்தவர்கள் பெயரில் அசிங்கமான கடிதங்கள் தாமாகவே வருவதைப் பற்றிப் பேப்பரில் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். பிரவுசிங் சென்டரில் திறந்து பார்த்துவிடலாமா என்றும் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், உங்களுக்குக் காது கேட்டுவிட்டது.

"அறிவு கீதா உனக்கு? நாலு பசங்க உக்காந்திருக்கிற எடத்துல, என் பொண்ணு பேரப் போட்டு வந்த கண்றாவிய நான் தொறக்கணுமா?"

வழக்கம்போல நீங்கள் சொல்லச் சொல்லப் பதில் அடித்தேன். இங்கே தீபத்துக்குக் கூட்டம் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூர் நிலத்தில் மல்லாட்டை விளைச்சல் இந்தத் தடவை பரவாயில்லை. நான் நலம். நீ நலமா?

அடுத்த வாரமும் ஒரு கடிதம், அடுத்த வாரமும் சிவப்பு. அதற்கும் மல்லாட்டையும் மழையும் பதிலாகப் போயின. மூன்றாவது கடிதம் சாதாரணமாகத் திறந்தது. பனி கொட்டுகிறது, வேலை அதிகம், நன்றாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். நீங்கள் அதைச் சத்தமாகப் படித்தீர்கள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அதன் பிறகு சிவப்பே வரவில்லை. நீங்கள் சித்திரையில் ஒரு மத்தியானம் சாப்பிட்ட கையோடு நாற்காலியில் சாய்ந்து போகும் வரைக்கும் வாராவாரம் நல்ல செய்திதான்.

காரியத்துக்குச் சுமதி வரவில்லை. "ஒரே பொண்ணு. அப்பன் மூஞ்சியப் பாக்கக்கூட வரல பாத்தியா" என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், சார்.

நேற்று ரிப்பேர்காரர் போனதும் உங்கள் கணக்கைத் திறந்தேன். அந்த இரண்டு கடிதங்களும் அங்கேயே இருந்தன. இந்த முறை சிவப்பு வரவில்லை.

மார்பில் கட்டி என்று எழுதியிருந்தாள். புற்றுநோய்தான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். 'போனில் கத்திச் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அப்பா இது, அதனால் எழுதுகிறேன்' என்று இருந்தது. மார்பகத்துக்கான ஆங்கிலச் சொல் அந்தப் பக்கத்தில் நாலைந்து இடங்களில் வந்தது. அருணின் கண்ணில் படக் கூடாது என்று அவனுடைய அப்பா ஒதுக்கிவைத்த சொற்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கிறது. ஒரு பையனைக் காப்பாற்றுவதற்கு வைத்த காவல், ஒரு தகப்பனுக்கு மகளின் நோயை ஆபாசம் என்று காட்டியது.

இரண்டாவது கடிதம் சின்னது. 'அப்பா, நான் எழுதியதைப் படித்தீர்களா? மல்லாட்டையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு பிரெஸ்ட் கேன்சர் அப்பா.' அவ்வளவுதான். அதற்கு நாம் அனுப்பிய பதிலை என் விரல்கள்தான் அடித்தன.

மேலே உள்ள ஐந்து குறிப்புகளையும் நேற்றே, அதைப் படித்த கையோடு எழுதினேன். அப்பா தன்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றே சுமதி நம்பிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அறுவை சிகிச்சைக்கும் அந்த நம்பிக்கையோடுதான் போயிருப்பாள். இப்போது உயிரோடு இருக்கிறாளா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. போனை எடுத்து எடுத்து வைத்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இன்று விடிந்ததும் அவளுடைய நம்பரைப் போட்டேன். வேறு யாராவது எடுத்தால் என்ன கேட்பது என்பதையும் தாளின் கீழே எழுதி வைத்திருந்தேன்.

அவளே எடுத்தாள். குரல் மெலிந்திருந்தது. "மாமாவா? இன்னா மாமா திடீர்னு, உடம்பு எதுனா சரியில்லையா?"

தாளைப் பார்த்துப் படித்தேன். அந்தக் கடிதங்கள் திறக்கவில்லை, கம்ப்யூட்டரில் குழந்தைகளுக்கான பூட்டு இருந்தது, உன் அப்பா அவற்றைப் பார்க்கவே இல்லை, உன்னைப் புறக்கணிக்கவில்லை, என்று. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் தாளை மடித்தேன்.

"மாமா," என்றாள். "அப்பாவுக்குத் தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாவது மெயில் வந்த மறுநாளே அப்பா செங்கம் ரோட்டுக்குப் போனாராம் மாமா. வெள்ளைக்காரங்க போற பிரவுசிங் சென்டருக்கு. அங்கன்னா நம்மள ஒருத்தனுக்கும் தெரியாதுனு. அசிங்கமாவே இருந்தாலும் என் பொண்ணு பேருல வந்தது, நானே பாத்துடறேன்னு தொறந்திருக்காரு. அங்கயே வேற ஐடி போட்டுக்கிட்டாரு. அதுலருந்துதான் எனக்கு தெனம் எழுதுவாரு. ஒத்த விரல்ல அடிச்சு அடிச்சு, எல்லாம் தப்புத்தப்பா."

"அப்ப நாங்க வாராவாரம் எழுதினது?"

"அது உங்களுக்காக மாமா. பனி, ஆபீஸுனு நான் எழுதினதெல்லாம் நீங்க கேக்குறதுக்காக எழுதினது. அப்பாதான் சொன்னாரு."

"ஏம்மா?"

"கோச்சுக்காதீங்க. 'அவன் பயந்தவன், தெரிஞ்சா தூங்க மாட்டான். அவன் மூஞ்சியப் பாத்தா எனக்கும் பயம் வந்துடும். எதுவும் தெரியாம ஒருத்தன் பக்கத்துல உக்காந்துக்குனு மல்லாட்டையப் பத்தி டைப் அடிச்சா, அந்த ஒரு மணி நேரம் எதுவும் நடக்காத மாதிரி இருக்குது'ன்னு எழுதியிருந்தாரு."

பிறகு தன் உடம்பைப் பற்றிச் சொன்னாள். சிகிச்சை முடிந்துவிட்டது, இப்போது பரவாயில்லை, அப்பா போனபோது விமானம் ஏறக்கூடிய நிலைமையில் இல்லை என்றாள். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு எனக்காகச் சொன்னது என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை. "உடம்ப பாத்துக்கோம்மா" என்று வைத்துவிட்டேன்.

அதிலிருந்து நான் வேறு எதையும் செய்யவில்லை, சார். அந்தச் சாயங்காலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுமதியின் அறுவை சிகிச்சை நடந்த நாளிலும் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அன்று நீங்கள் நான் ஒரு எழுத்தைத் தவறாக அடித்ததற்காக என் தலையில் தட்டிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. கேட்கக்கூடிய முகம் எனக்கு இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மேல் கோபம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. ஒன்றும் தெரியாமல் இருந்ததால் உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது என்றால், நான் செய்ய முடிந்தது அதுதான்.

ஆனால் ஒன்று என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது. பெங்களூரிலிருந்து என் மகன் ஞாயிறு தவறாமல் போன் செய்கிறான். எல்லாம் நல்லா இருக்குப்பா, நீங்க எதையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க என்கிறான். பல வருஷமாக அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறேன். இன்று மத்தியானமும் பேசினான். அதே வார்த்தைகள்தான். போனை வைத்த பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன். அவனுடைய குரலையும், அதற்குப் பின்னால் இருந்த மௌனத்தையும், யாரோ மெதுவாகக் கதவைச் சாத்திய சத்தத்தையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன்.

எழுதியதை அடிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. அதனால் மேலே இருப்பதை அப்படியே விட்டிருக்கிறேன். ஆனால் நாலாவது குறிப்பு தவறு, சார். உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் வைக்கப்பட்டிருந்தவன் நான்.