காலேப்பின் வலது கை

அன்புள்ள அம்மாவுக்கு, ஷெர்வின் எழுதுகிறேன், ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முட்டுவலி குறைந்ததா?

தாம்பரம் ஆர்ம் ரெஸ்லிங் போட்டியில் ஜெயித்துவிட்டேன். எதிரே, இரண்டு வருடமாக என்னைத் தோற்கடித்துவந்த பம்மல் காலேப். அவன் கை மேஜை பேடைத் தொட ஒரு விரல் அளவுதான் இருந்தது. தப்பிக்கப் பார்த்து, தோளைத் தவறாகத் திருப்பிவிட்டான். அப்படித் திருப்பினால் எலும்பு தாங்காது என்று எனக்கும் தெரியும். நான் விடவில்லை. மேல்கை எலும்பு மளுக்கென்று முறிந்தது. கை பேடில் விழுந்ததால் வெற்றி எனக்கு.

ஆஸ்பத்திரியில் காலேப், "வுடு மச்சான், ரூல் அப்டித்தான் கீது" என்று சிரித்தான். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து சுஜி அக்கா வரும்போது ஒரு போர்வை கொடுத்தனுப்புங்கள். முறுக்கு மட்டும் வேண்டாம் அம்மா. போனமுறை அனுப்பியதை நேற்று ரூமில் ஒருவன் மளுக்கென்று கடித்தான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

ஷெர்வின்