முனை மழுங்காத எழுத்து

மார்ச் 4
புது கம்ப்யூட்டர் எழுத்துருவுக்காக 'ஞ'வைப் பன்னிரண்டாவது தடவை வரைந்தேன். வால் முடிகிற இடத்தை ஊசி மாதிரி கூராக விட்டதும் மனசு கொஞ்சம் ஆறியது.
"ஏன் உன் எழுத்தெல்லாம் முறைக்குது?" என்றார் என் வீட்டுக்காரர். முறைக்கட்டும்.

மார்ச் 9
ஆபீசில் மேனேஜரிடம் காட்டினேன்.
"படிக்கவே முடியலம்மா. முனையெல்லாம் உருட்டிக் கொண்டாங்க, பார்க்கலாம்."
"சரிங்க சார்" என்றேன். எட்டு வருஷமாக என் வாயில் வேறென்ன வந்திருக்கிறது?

மார்ச் 10
உருட்ட மாட்டேன்.

மார்ச் 17
எழுத்துகள் சேர்ந்து எப்படி நிற்கின்றன என்று பார்க்க ஏதாவது வாக்கியம் அடிக்க வேண்டும். நான் ஆபீசில் மேனேஜரிடம் சொல்ல முடியாததை அடிக்கிறேன். அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, அடுப்படியிலிருந்து பார்த்தேன். 'ள்' புள்ளி இன்னும் மேலே போகணும். திட்டு சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 24
என் கம்ப்யூட்டரிலிருந்து எழுத்துகளை எடுத்து அந்த மேனேஜர் அவனே உருட்டிவிட்டான். ஒரு முனை மிச்சமில்லை. எல்லாம் கஞ்சி குடித்த குழந்தை மாதிரி உப்பிக்கிடக்கிறது.
"உங்களுக்கு நேரமில்லன்னு நானே செஞ்சிட்டேம்மா." கீழே 'வடிவமைப்பு' என்று போட்டு அவன் பெயர்.
யாரைக் கேட்டுத் தொட்டான்? ராத்திரி பகலா நான் முதுகு ஒடிய வரைஞ்சது. நான் ஏன் அப்பவும் தலையாட்டினேன்?

மார்ச் 26
என் எழுத்தை என் எழுத்தாகவே வெளியிடச் சொல்லிக் கேட்கப் போனேன். அவசரத்தில் அகரவரிசைத் தாளுக்குப் பதில் சுவரில் ஒட்டியிருந்ததை எடுத்துப் போயிருக்கிறேன். நான் பிடுங்குவதற்குள் மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல ஆபீசுக்கே கேட்கிற மாதிரி உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.
"நீங்கள் வரைந்ததைவிட அடுத்தவர் வரைந்ததில் கையெழுத்துப் போட்டதுதான் அதிகம். உங்களுக்கு வெட்கமாக இல்லையா? இனிமேல் என் வேலையைத் தொடாதீர்கள்."
மூன்றாவது வரியில்தான் அவருக்கு உறைத்தது. அறையில் ஒருவரும் நிமிரவில்லை.
"என்ன இது?"
"படிக்க முடியலன்னு சொன்னீங்களே சார்."
பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படியிறங்கினேன். திரும்பிப் போகத் தோன்றவில்லை.

ஏப்ரல் 19
வேலையை விட்டு வந்தபின் வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்த எழுத்துரு முடிந்தது. கடைசியில் நிரப்ப ஒரு கட்டம் இருக்கிறது: வடிவமைத்தவர். எட்டு வருஷமாக ஒவ்வொரு வேலையிலும் நானேதான் அங்கே மேனேஜர் பெயரை அடித்துக் கொடுத்திருக்கிறேன். இன்றும் விரல் தானாகவே அவர் பெயரில் பாதியை அடித்துவிட்டது.
அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து என் பெயரை அடித்தேன்.