தொண்டையில் இரண்டு விரல்

மார்ச் 9, திங்கள்

வெயில். காலை எட்டுக்கே பல்கனிச் சீமெந்து சுடுகிறது. லிஃப்ட் மறுபடி பழுது.

அண்ணா வைத்தியசாலையில் இருந்து வந்து இன்றோடு ஐந்து நாள். வலக்கையும் வலக்காலும் கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. பேச்சு குழறல், ஆனால் எனக்கு விளங்கும். விழுங்குவதுதான் வரவில்லை. பக்கவாதம் அதை மட்டும் முழுதாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாய். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால்மா, மருந்து, தண்ணீர். வாயால் ஒரு சொட்டும் கூடாது.

செய்ய வேண்டியவை:
கோஸ் துணி, இரண்டு பாக்கெட்
புதுக்கடை ஒஃபிஸுக்கு ஃபோன் (இன்னும் இரண்டு கிழமை அரைநாள் வேலை)
லிஃப்ட் பற்றிக் கீழே சொல்ல
குழாய் கழுவ வெந்நீர்ப் போத்தல்

லோயர் ஐயா அரைநாளுக்கு ஓம் என்றுவிட்டார். இருபத்தாறு வருடம் அவருக்குத் தமிழ் தட்டெழுதியிருக்கிறேன், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி. நான் போகிற நேரம் எதிர் ஃபிளாட் ரிஸ்வானா வந்து துணைக்கு இருக்கிறாள். இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டு ஹோலில் இருப்பாள். நோன்பு காலம். பாவம், களைப்பு.

வெள்ளி 20ஆம் திகதி கிளினிக். அதற்குள் விழுங்க வராவிட்டால் வயிற்றில் துளை போட்டு நேரே குழாய் வைப்பதாக டொக்டர் சொன்னவர். அண்ணாவிடம் சொன்னேன். கொப்பியை வாங்கி இடக்கையால் எழுதினார்: துளை வேண்டாம். போட்டால் சாப்பாடும் வேண்டாம்.

கணக்கு மாஸ்டராக இருந்த மனுஷன். ஒருமுறை எழுதினால் அழிக்கிறவர் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

தில்ருக்ஷி வந்தாள் (இனி தி.). விழுங்கவும் பேசவும் பயிற்சி தருகிற பிள்ளை. வத்தளையில் இருந்து இரண்டு பஸ். தமிழ் பாதி, சிங்களம் பாதி.

ஐஸ் தண்ணீரில் வைத்த சின்னக் கரண்டியால் அண்ணாவின் உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் தொட்டாள். "கிலின்ன, அங்கிள். விழுங்குங்க." ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப. பத்தாவதிலோ என்னவோ தொண்டையில் ஒரு துடிப்பு, பல்லியின் தாடை அசைவது போல. போதாது என்றாள்.

பிறகு என் கையைப் பிடித்து என் தொண்டையிலேயே இரண்டு விரலை வைத்தாள். விழுங்கச் சொன்னாள். உள்ளே இருந்த கட்டி மேலே ஏறி, விரலைத் தாண்டி, இறங்கியது.

அந்த ஒரு ஏற்றத்துக்குள் நடப்பதைச் சொன்னாள். நாக்கு பின்னால் தள்ளுகிறது. மூச்சு நிற்கிறது. மூச்சுக்குழாய்க்கு மூடி விழுகிறது. சாப்பாட்டுக் குழாயின் வாசல் திறக்கிறது, மூடுகிறது. மறுபடி மூச்சு. ஒழுங்கு தவறினால் சாப்பாடு நெஞ்சுக்குள். எல்லாம் ஒரு செக்கனுக்கு உள்ளே. யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்ல ஆன்டி. வயித்துக்குள்ள இருக்கிற பேபியும் விழுங்கும்."

எனக்கு வயது ஐம்பத்தாறு. ஒரு நாளும் யோசித்ததில்லை.

மார்ச் 11, புதன்

பஸ்ஸில் சனம். கொழும்புக் காலி வீதி முழுக்க நான் தொண்டைகளைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். கொண்டக்டர் புறக்கோட்டை, புறக்கோட்டை என்று கத்துகிறான், இடையில் ஒரு விழுங்கு, மறுபடி கத்துகிறான். நித்திரையில் ஒரு ஐயா, வாய் திறந்தபடி, அவரும் விழுங்குகிறார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று ஃபோனைப் பார்த்துக்கொண்டே போத்தலைச் சரித்து மடக் மடக்கென்று ஆறு மிடறு. ஒரு துளி சிந்தவில்லை, ஒரு மூச்சு பிசகவில்லை. வாய் பிளந்து பார்த்திருப்பேன் போல. பிள்ளை பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு தள்ளி நின்றது.

பஸ் முழுக்க இத்தனை பேர், யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கிறது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. இறங்க வேண்டிய ஹோல்ட்டையும் விட்டுவிட்டேன்.

ஒஃபிஸில் ஒரே பந்தியை இரண்டு தரம் அடித்திருக்கிறேன். லோயர் ஐயா ஒன்றை வெட்டிவிட்டுத் தந்தார்.

மார்ச் 12, வியாழன்

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பின்னேரம் நான் பிளேன்டீ குடித்துக்கொண்டு நிற்கிறேன், அண்ணா பார்த்தார். ஒரு சொட்டு தா, நாக்கு நனைந்தால் போதும் என்றார். முடியாது என்றேன். மறுபடி கேட்டார். ஒரு நாளும் யாரிடமும் எதையும் இரண்டாம் தரம் கேட்காத ஆள். அரைக் கரண்டி கொடுத்தேன்.

நெஞ்சுக்குள் போய்விட்டது. இருமல், இருமல், கண் வெளியே வந்தது, உதடு நீலம். நான் முன்னால் சரித்துப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறேன். ரிஸ்வானா ஓடி வந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அடங்கியபோது அண்ணா என் கையைப் பிடித்திருந்தார், ஆறுதல் சொல்கிற மாதிரி. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

காய்ச்சல் 98.6. இரண்டு மணித்தியாலம் கழித்து 98.8.

மார்ச் 13, வெள்ளி

காலை 98.4. மத்தியானம் 98.6. வேலைக்குப் போகவில்லை.

தி. வந்ததும் வாசலிலேயே சொல்லிவிட்டேன். முகம் கறுத்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நெஞ்சில் சளி பிடித்திருந்தால் அங்கிள் திரும்ப வோர்டுக்குத்தான் போயிருப்பார் என்றாள். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

உள்ளே போய் எப்படி இருமினார், எவ்வளவு பலமாக என்று விபரம் கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் இளகினாள்.

"இருமினது நல்லம், ஆன்டி. சில பேருக்கு உள்ளே போறதே தெரியாது, சும்மா இருப்பாங்க. அதுதான் பயம். அங்கிள்ட காவல்காரன் முழிப்பா இருக்கான்."

போகும்போது மட்டும் திரும்பி, இனிமேல் என்னைக் கேட்காமல் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னாள். கோபத்துக்கு அவளுக்கு அவளுடைய பாஷைதான் வரும்.

மார்ச் 14, சனி

காய்ச்சல் இல்லை. இரண்டு மணிக்கே இருட்டி, நாலுக்கு இடியோடு மழை. கரன்ட் போய் வந்தது.

ரிஸ்வானாவின் மனுஷன் புறக்கோட்டையில் கடையில், மழைக்கு வர முடியவில்லை. பிள்ளைகள் உம்மம்மா வீட்டில். நோன்பு திறக்க எங்கள் வீட்டிலேயே இரு என்றேன். ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீர்க் கிளாசும் எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போகப் பார்த்தாள்.

"அவருக்கு முன்னால எப்பிடி அக்கா திங்கிறது?"

அண்ணாவுக்குக் கேட்டுவிட்டது. கையைக் காட்டி, "இங்கயே இரும், பிள்ளை" என்றார். மறுக்க ஏலாமல் கதிரையின் நுனியில் இருந்தாள். மழையில் பாங்கு சரியாகக் கேட்கவில்லை, ஃபோனில் பார்த்தாள். முக்காட்டைச் சரி செய்து, உதட்டுக்குள் ஏதோ ஓதி, பழத்தைக் கடித்தாள். பிறகு தண்ணீர். பதின்மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு முதல் மிடறு. கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் இறங்குவது கழுத்தில் தெரிந்தது.

நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். தற்செயலாக அண்ணா பக்கம் திரும்பினேன். அவரும் அவள் தொண்டையைப் பார்த்தபடி. அவருடைய தொண்டைக் கட்டி மெல்ல மேலே ஏறியது. நின்றது. இறங்கியது.

அவருக்கே தெரியாது. நான் சொன்னதும் தொண்டையில் கை வைத்துப் பார்த்தார், விட்டுப் போன ஏதோ அங்கே கிடக்கிற மாதிரி. வேண்டுமென்று முயன்றால் வரவில்லை.

தி.க்கு மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிடத்தில் அழைத்துத் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: முழுசா ஏறினதா, பாதியா?

முழுசா.

மார்ச் 16, திங்கள்

தி. ஒருவித மா கொண்டுவந்தாள், தண்ணீரைக் கூழாக்குவது. கால் கரண்டி. தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு தாழ்த்தச் சொன்னாள். மூன்று தரம் வாயோரமாக வழிந்தது. நாலாவது தரம் கட்டி ஏறி இறங்கியது. "ஆ சொல்லுங்க" என்றாள். குரலில் ஈரம் இல்லை என்றால் சரியான வழியால் போயிருக்கிறது. "ஆ" என்றார். தெளிவாக.

தி. எழும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த பிள்ளை. கண்ணைத் துடைத்தது போல இருந்தது.

வாங்க: பூசணி (அவித்து மசிக்க). துணி காயப்போட கிளிப்.

மார்ச் 18, புதன்

ஐந்து கரண்டி. நேற்று மூன்று. ஒரு கரண்டிக்கு இரண்டு நிமிடம், அண்ணாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. பழைய கணக்கைவிட இது கஷ்டம் என்றார். நான் கேட்காமலே கொப்பியில் துளை வேண்டாம் என்று எழுதின அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

மார்ச் 20, வெள்ளி

கிளினிக். நாலு மாடியும் இரண்டு பேர் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். லைனில் மூன்று மணித்தியாலம்.

பெரிய டொக்டர் இரண்டு கரண்டி கூழ் கொடுத்தார், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். கூழ் சரி. பிறகு வெறும் தண்ணீர் ஒரு கரண்டி, அது இருமல். ஆகவே மூக்குக் குழாய் இன்னும் இருக்கும், தண்ணீருக்கும் மருந்துக்கும். கூழ்ச் சாப்பாடு வாயால், நாளைக்கு மூன்று தரம். வயிற்றுத் துளைப் பேச்சை இப்போதைக்கு விடுவோம் என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான். நான் எழும்ப மறந்து இருந்தேன். நேர்ஸ் தோளைத் தட்டினாள்.

மார்ச் 21, சனி

பெருநாள். காலையிலேயே மேல்மாடியில் பிள்ளைகளின் ஓட்டம், நெய் வாசம்.

பத்து மணிக்கு ரிஸ்வானா, மனுஷன், இரண்டு மகள்மார், புது உடுப்போடு உம்மா வீட்டுக்குப் போகிற வழியில். கையில் ஒரு சின்னக் கிண்ணம், முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்த வட்டிலாப்பம். முந்திரிகை போடாமல், ஏலக்காயை வடித்து, அவருக்கென்று தனியாக அவித்தது. நேற்றே தி.யின் நம்பரை என்னிடம் வாங்கி, எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நம்பர் எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது.

அண்ணாவை நிமிர்த்தி இருத்தினேன். நாடி கீழே. அரைக் கரண்டி. சின்ன மகள் ஏதோ கேட்கப் போக, மூத்தவள் வாயைப் பொத்தினாள். ரிஸ்வானாவின் மனுஷன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் ஒரு கிழட்டு மனுஷனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு.

ஏறியது. நின்றது. இறங்கியது.

"ஆ" என்றார்.

பிறகு அடுத்ததற்கு வாயைத் திறந்தார்.