மார்கழியிலேயே திரும்பிய சூரியன்

பக்கத்து வீட்டுச் சீனம்மா இந்த வருஷமும் தன் மார்கழிப் பண்டிகைக்கு இன்று காலை கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். இஞ்சிப் பாகில் அரிசிமா உருண்டைகள். தட்டால் மூடி ஓரமாகத் தள்ளி வைத்தேன். நீ போய் நாலு வருஷம். அவளுக்கு மட்டும் நாள் தவறுவதே இல்லை.

சிராங்கூன் சாலையில் நாம் சேர்ந்து வாடகைக்கு இருந்த அதே அறைதான். நீ நிலம் அளக்கும் துரைக்குக் கம்பு பிடித்தாய், நான் மாட்டுக் கொட்டகையில் பால் கறந்தேன். அந்த மார்கழியில் நீ இருமி இருமி ரத்தம் துப்பினாய். இரண்டு வயதாகியும் முகம் பார்க்காத மகளைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இதேபோல் சீனம்மா கிண்ணம் வைத்த நாளுக்கு மறுநாள் நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

"பீடை மாசத்துல கப்பல் ஏறாதே. தை பொறந்து உத்தராயணம் வரட்டும். மூணு வாரந்தானே?" என்றேன்.

நீ சிரித்தாய். கிண்ணத்து உருண்டை ஒன்றை ஈர்க்கில் குத்தி, சாய்த்துப் பிடித்து, அணைந்த விளக்கைச் சுற்றிக் கொண்டுவந்தாய்.

"பூமி இப்படிச் சாஞ்சபடியே சூரியனைச் சுத்துது. ஆனியில வடக்குத் தலை சூரியன் பக்கம் சாயும், மார்கழியில தெக்குத் தலை. தெக்குக் கோடிக்குப் போன சூரியன் திரும்புறது இன்னைக்குத்தான். சீனவங்க அதைத்தான் கொண்டாடுறாங்க. பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வச்சு எண்ணுது, அதான் அதோட உத்தராயணம் மூணு வாரம் பிந்திப்போச்சு."

நண்பகலில் முற்றத்தில் அளவுக்கம்பை நட்டாய். ஆனியில் தெற்கே விழுந்த நிழல் இப்போது வடக்கே கிடந்தது. பூமியின் நடுக்கோட்டை ஒட்டிய இந்த ஊரில் பகல் நீளுவதும் இல்லை, குறைவதும் இல்லை, நிழல்தான் பக்கம் மாறும் என்றாய்.

எனக்குப் புரிந்தது. புரிந்தும் உன் கப்பல் சீட்டைப் பிடுங்கி என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். உன் உயிரைக் காப்பாற்றுவதாக நினைப்பு! சண்டை போட உனக்கு மூச்சில்லை. "சரி மச்சான், நீ சொன்னாச் சரி" என்றாய். அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. அவ்வளவு தெரிந்தவன் என் பேச்சைக் கேட்டிருக்க வேண்டாம்.

தை பிறக்க நாலு நாள் இருக்கையில் இதே அறையில் கண்ணை மூடிவிட்டாய்.

நீ ஏறாத கப்பலில் உன் மனைவிக்கு நான் எழுதிய கடிதம் போயிருந்தது. தை பிறந்ததும் முதல் கப்பலில் வருகிறான் என்று. மகளுக்குப் புதுப் பாவாடை கட்டித் துறைக்கு அழைத்துப் போனாளாம். அந்தத் தை மாசக் கப்பலில் வந்தது உன் சாவுச் செய்தி.

இன்று நண்பகலில் உன் கம்பை நட்டுப் பார்த்தேன். நிழல் நீ காட்டிய இடத்தில்தான் விழுந்தது. நீ சொன்னதில் பாதி மறந்துவிட்டேன். நான் சொன்னதுதான் மறக்க மாட்டேன் என்கிறது. மூணு வாரந்தானே என்றேன்.