மீன் குடலும் அப்பாவின் கோட்டும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் நலம். அங்கே குளிரைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கட்டும். பேத்திக்கு முன்பல் விழுந்த படத்தைப் பார்த்தேன், உன் பழைய சிரிப்பு அப்படியே இருக்கிறது.

நான்கு நாட்களாக எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன் தம்பி, மீன் ஆலையில் வெட்டிவிட்டு எறியும் குடலை ஐஸ் பெட்டியில் வாங்கி வந்து, பின்பக்கக் கொட்டகையில் அரைத்து வடித்து என்சைம் எடுக்கிறான் என்று முன்பே எழுதினேன். மீன் தின்றதைச் செரித்த சாறு துணிக் கறையையும் செரிக்குமாம், குளிர்கடல் மீன் என்பதால் தண்ணீரைச் சுடவைக்கவும் வேண்டாமாம். நாறுகிற குடல் எப்படியடா சுத்தம் செய்யும் என்றால், "நீ சாப்பிட்டது வயித்துல என்ன ஆகுதோ, அதேதாம்மா வாளியிலயும் ஆகுது" என்கிறான். சாப்பாட்டு மேசையில் பேசுகிற பேச்சா இது? ஆனால் பொய் சொல்லக் கூடாது, மேசை விரிப்பில் இருந்த பழைய பால் கறை அரை மணியில் போய்விட்டது. எனக்கென்று ஒரு பாட்டில் கொடுத்தான். அதில் ஒட்டியிருந்த சீட்டில் அவன் கையெழுத்து, கோழி கிளறிய குப்பை. கன்னியாஸ்திரிகளிடம் விரல் முட்டியில் அடி வாங்கி எழுதப் பழகியவள் வீட்டில் அப்படி ஒரு சீட்டா? உரித்துப் போட்டுவிட்டு முத்து முத்தாக வேறு எழுதி ஒட்டினேன். ஓரத்தில் கிறுக்கியிருந்த கடைசி வரிக்கு மட்டும் இடமில்லை, வேலையாட்களுக்கு எழுதியது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சோப்புத் தொழிற்சாலைக்காரர் சரக்கைப் பார்க்க வருவதாக இருந்தது. தம்பி அப்பாவின் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கட்டும் என்று நினைத்தேன். கழுத்துப் பட்டையில் அப்பா சவரத்தில் வெட்டிக்கொண்ட இரத்தக் கறை இருக்குமே, அதைப் போக்க அந்தப் பாட்டில் சாற்றைத் தண்ணீரில் ஊற்றிக் கோட்டை இரண்டு நாள் ஊறவைத்தேன். பிழிந்தபோது பட்டை கையோடு வந்துவிட்டது, முதுகெல்லாம் சல்லடை. உள்ளே தைத்த பருத்தித் துணிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆட்டு ரோமமும் இறைச்சியின் ஜாதிதானாம், இரத்தத்தைத் தின்னுவது ரோமத்தையும் தின்னுமாம். எனக்கு யார் சொன்னார்கள்?

தம்பி பார்த்துவிட்டு வெளிறிப் போனான். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தான். "நீ ஒரு புள்ளிகூட விடமாட்டியேம்மா, அப்ப நான்தான் எழுத மறந்திருக்கேன். அப்பா கோட்டையே தின்ன சரக்கை எந்த முகத்தோட விக்கிறது?" என்று சொல்லி, வர வேண்டாம் என்று அவருக்குப் போன் செய்துவிட்டான். கொட்டகையும் பூட்டிக் கிடக்கிறது. மறுநாள் குப்பைக் கூடையில் பழைய சீட்டு கிடைத்தது. "கம்பளி, பட்டு கூடாது", அடியில் இரண்டு கோடு. ஜெபப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தேன். உங்கள் நோட்டுகளையெல்லாம் சிவப்பு மையால் சுழித்தவள், இதை எப்படிச் சொல்வேன்?

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய், அந்தச் சீட்டை என் சீட்டுக்குக் கீழே ஒட்டி, பாட்டிலை அவன் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது "அம்மா, இங்க வாயேன்" என்று கூப்பிடுகிறான். கோபமா சிரிப்பா, அதுவும் புரியவில்லை. போகிறேன்.

நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் கடவுள் அருளால் நன்றாக இருங்கள். நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டரைப் புதுச் சோப்புத் தூளில் போட்டுவிடாதே, பாக்கெட்டில் கடைசி வரி வரை படி.

இப்படிக்கு,
ஒரு வரியை விட்டுவிட்ட
உன் அம்மா