மூன்று ஆச்சரியக்குறிக்கு மேல்

மார்ச் 3, திங்கள்
ஆபீஸில் ஒரே கூத்து. பரிசு விழுந்ததாக வந்த போலி மெயிலை வரவேற்பறைப் பெண் திறந்து தொலைக்க, ஏழு கம்ப்யூட்டர் படுத்துவிட்டன. மெயில் பொறுப்பு என் தலையில்தானே? வடிகட்டியை இறுக்கிவிட்டேன். தலைப்பில் 'தவற விடாதீர்கள்', 'கடைசி நாள்' என்று இருந்தாலோ, ஆச்சரியக்குறி மூன்று இருந்தாலோ நேரே ஸ்பேம் பெட்டிதான். இனி ஒரு பயல் உள்ளே வர முடியாது.

மார்ச் 9, ஞாயிறு
அக்காவின் கடிதம் வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு
இன்றும் இல்லை. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது என்றுதான் என் ஆபீஸ் மெயிலுக்கு மாறினோம். ஒரு முறை அவள், ஒரு முறை நான். இப்போது அவள் முறை. அவள் வைக்கும் குழம்பைக் கிண்டல் செய்திருந்தேன் — அதற்கா இவ்வளவு கோபம்? நானாக எழுதினால் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும்.

மார்ச் 23, ஞாயிறு
சரிதான் போடி. எனக்கும் ரோஷம் உண்டு.

மார்ச் 27, வியாழன்
"எனக்கு வர வேண்டிய மெயில் எல்லாம் எங்க மேடம் போகுது?" என்று காலையில் வரவேற்பறைப் பெண் வந்து நின்றாள். ஸ்பேம் பெட்டியை எப்படிப் பார்ப்பது என்று என் திரையிலேயே திறந்து காட்டினேன்.

அக்கா. நான்கு கடிதம்.

கடை விளம்பரம் மாதிரி தலைப்பு வைப்பது அவள் குறும்பு. அது எப்படி எனக்கு மறந்துபோனது? 'தவற விடாதீர்கள்!!! அக்காவின் பித்தப்பையில் கல்!!!' என்பது முதலாவது. இரண்டாவதில், இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன் என்று இருந்தது. மூன்றாவது: 'கோபமா? கோபமா இருந்தாலும் வா. சண்டை போட்டுக்கிட்டே பக்கத்துல இரு.' நேற்று வந்ததன் தலைப்பு 'இன்றே கடைசி நாள்!!!' உள்ளே ஒரே வரி.

'எனக்குப் பயமா இருக்குடி.'

அடிப்பாவி — நான்தான் பாவி. ஒரு போன் பண்ணித் தொலைச்சிருக்கலாமே ரெண்டு பேருல யாராவது? அழுதுகொண்டே பையைத் தூக்கினேன். இதைப் பஸ்ஸில் எழுதுகிறேன். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 28, வெள்ளி
நல்லபடியாக முடிந்தது. தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. எழுந்ததும் சொல்லிக் கிண்டல் செய்ய வேண்டும்.

நேற்று சாயங்காலம் வார்டில் நுழைந்ததுமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வடிகட்டி, ரோஷம், நான்கு கடிதம், எல்லாம். "உனக்குப் படிப்பு வேற ஒரு கேடு" என்றாள். சிரித்தாள். என் கையை மட்டும் விடவில்லை.

இன்று காலை அவளை அழைத்துப்போக நர்ஸ் வந்தார். "கூட யாரும்மா வந்திருக்காங்க?"

"என் தங்கச்சி," என்றாள் அக்கா. "ஒரு வார்த்தைதான் சொன்னேன் சிஸ்டர். உடனே ஓடி வந்துட்டா."