எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லாத பொண்ணு

என் பெரியவனுக்கு அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம், உங்க அப்பாவோட முழங்கால் ஒண்ணைத் தவிர, அது என்னிக்கு அவர் பேச்சைக் கேட்டுச்சு. நீயும் சளி காய்ச்சல்னு எதுவும் இல்லாம இருக்கணும். உன் தங்கச்சி கார் ஓட்டுற தேர்வுல மறுபடியும் கோட்டை விட்டுட்டா, தப்பெல்லாம் சுவர் மேலதானாம், அதுதான் குறுக்க வந்து நின்னுச்சாம்.

போன மாசம் பாதி நாள் நான் வீட்டுல இல்லை. ஆத்தோரத்து அடுக்குமாடிக் குடியிருப்புல தீப்பிடிச்சு எரிஞ்சுதே, அதுல பயந்துபோன பிள்ளைங்களோட மனசைத் தேத்துறதுக்கு அங்கேயே ஒரு மையம் நடத்துறாங்க. அது நெசமாவே பிள்ளைங்களுக்கு உதவுதா, சும்மா பேருக்கு நடக்குதான்னு பார்த்துச் சொல்றதுதான் எனக்குக் கொடுத்த வேலை. நான் சொல்றதை வச்சுத்தான் பணம் கொடுக்குறவங்க நடத்துறதா மூடுறதான்னு முடிவு பண்ணுவாங்க, அதனால எனக்கு ஒரே ராஜமரியாதை, ஆனா உட்காரக் கொடுத்தது பிள்ளைங்க நாற்காலி, எந்திரிக்க ரெண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்துச்சு. சிரிக்கிற மூஞ்சி அழுற மூஞ்சின்னு படம் போட்ட அட்டையை நீட்டினா, எல்லாப் பிள்ளையும் சிரிக்கிற மூஞ்சியையே தொடுது. தூக்கம் வருதான்னு கேட்டாலும் சிரிப்பு, கெட்ட கனவு வருதான்னு கேட்டாலும் சிரிப்பு. என்னடா இதுன்னு பார்த்தா, இந்தம்மா மார்க்கைக் குறைச்சா இடத்தை மூடிடுவாங்கன்னு யாரோ அதுங்க காதுல போட்டிருக்காங்க. அவ்வளவுதான், அட்டையைப் பைக்குள்ள போட்டுட்டு, வீடு வீடாப் போய் அம்மாக்களைக் கேட்டேன், பள்ளிக்கூடத்து வாத்தியாருங்களைக் கேட்டேன், மிச்ச நேரம் மையத்துல வெளியறையில சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அங்கதான் ஒரு சின்னப் பொண்ணு, முன்பல் ரெண்டும் விழுந்தவ, பக்கத்துல வந்து உட்கார்ந்தா. புகைக்குள்ள மாடிப்படியில மாட்டிக்கிட்டு, அப்புறம் மாசக்கணக்கா வாயே திறக்காம இருந்தவளாம். நீதான் மார்க் போடுறவளான்னு கேட்டா, ஆமான்னேன். அப்ப கேட்டுக்கோ, இந்தக் கதவு படார்னு சாத்துது, ஒவ்வொரு தடவையும் நான் மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிறேன், சொன்னா நாளைக்குப் பார்க்கலாங்கிறாங்கன்னா. வண்ணப் பெட்டியில சிவப்பு காஞ்சுபோச்சு, ஆலோசகர் அம்மா பேசுறது காதுலயே விழலைன்னு அடுக்கிக்கிட்டே போறா. அந்த ஆலோசகர் வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருக்காங்க, பாவம், முகம் செத்துப்போச்சு. இவ்வளவு குறை இருக்கே, பின்ன ஏன்டி வர்றேன்னு கேட்டேன். இது கூடவா தெரியாதுங்கிற மாதிரி என்னைப் பார்த்து, "இங்கதானே சொல்ல முடியும்"னு சொன்னா. நான் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அன்னிக்கே கதவு நிலையில ரப்பர் ஒட்டினாங்க. மகாராணி தானே ரெண்டு மூணு தடவை இழுத்துச் சாத்திப் பார்த்துட்டு, சரின்னு தலையாட்டினா.

என் அறிக்கையில நல்லதையும் எழுதினேன், ஆத்துக்கு அக்கரையில இருக்குற பிள்ளைங்க வந்துபோக வண்டி இல்லைங்கிறதையும் எழுதினேன். மையம் தொடர்ந்து நடக்கும்னு நேத்துதான் தகவல் வந்துச்சு. வண்டி மட்டும் இப்போதைக்குக் கிடையாதாம், நானும் விடுறதா இல்லை, அடுத்த கூட்டத்துல பார்த்துக்கிறேன்.

நீ போன் பண்ணும்போதெல்லாம் சாப்பிட்டேன்மா, வேலை நல்லாப் போகுதும்மான்னு ஒப்பிச்சிட்டு வச்சிடுறே. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு குறையாவது சொல்லணும், உன் மேலதிகாரியோ, மாடி வீட்டுக்காரன் போடுற பாட்டோ, எதுவா இருந்தாலும் சரி. என்னால தீர்த்துவைக்க முடியாட்டியும் குறுக்கப் பேசாமக் கேட்டுக்குவேன். குளிருக்குக் காதை மூடிக்கிட்டு வெளியே போ. நல்லாத் தூங்கி, நல்லாச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இரு என் கண்ணு.

உன் போனுக்குக் காத்துக்கிட்டிருக்கும்
அம்மா